கடலுக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம்?

வெளிநாட்டிலிருந்து உறவுகள் வருகிறார்கள் என்றால் எங்கள் வீடுகளில் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவருக்கு வெள்ளையடிப்போம், மலசலகூடத்தைத் திருத்துவோம், மிளகாய்த்தூள் இடித்து வைப்போம். இப்போது இன்னுமொரு வேலை சேர்ந்துவிட்டது. வருபவர்கள் நாலு நாள் போய்த் தங்குவதற்குக் கடற்கரை விடுதி ஒன்றும் பார்த்து வைக்கவேண்டும். "அக்கா, நீதானே அங்கை இருக்கிறாய், உனக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிடுவார்கள். கிளிநொச்சியில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு விடுதிகளைப் பற்றி என்ன தெரியும்? என்றாலும் 2024 ஆவணி மாதத்துக்காக அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது.

தங்கச்சி கனடாவில் இருக்கிறாள். 2003 இல் போனவள். அடுத்த ஆண்டு மார்கழி 26 இல் முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீடும் தம்பியும் போனபோது அவளால் வரமுடியவில்லை. அதற்குப் பிறகு ஒரேயொரு தடவைதான் வந்து போனாள். அம்மாவுக்கு இப்போது எழுபத்து நாலு வயது. கடல் எங்களுக்குத் தூரமில்லை, பரந்தனில் ஏறினால் முல்லைத்தீவுக்கு ஒரு பஸ். ஆனால் அம்மா இந்த இருபது வருடமாகக் கடலைப் பார்க்கவில்லை. "அந்தக் கடலுக்கு நான் வரமாட்டன். வேறை கடல் எண்டால் பாப்பம்" என்பா. தங்கச்சி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய முதல் எண்ணம் அம்மாவைக் கனடாவுக்கு எடுத்து, அங்கிருந்து கரீபியன் தீவு ஒன்றுக்குக் கூட்டிப் போவது. அங்கே எங்கள் ஆட்களும் இப்போது பனிக்காலத்தில் கியூபா, டொமினிக்கன் குடியரசு என்று போகிறார்கள். விமானச் சீட்டு, அறை, மூன்று நேரச் சாப்பாடு, குடிவகை எல்லாவற்றுக்கும் ஒரே தொகையாக முதலே கட்டிவிட்டால் போதும். போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்களாம். அந்தப் பட்டி இருந்தால் எங்கே போய் எதை எடுத்துச் சாப்பிட்டாலும் காசு கேட்கமாட்டார்களாம். "ஆசுப்பத்திரியிலை பிறந்த பிள்ளைக்குக் கட்டுறமாதிரியோ?" என்று அம்மா கேட்டா. முதலே காசைக் கட்டிவிட்டு எல்லாம் அடக்கமாகத் தங்குகிற இந்த முறையைப் பிரபலமாக்கியது 'கிளப் மெட்' என்ற நிறுவனம். 1950 இல் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் வெறும் கூடாரங்களை அடித்துத்தான் அது தொடங்கியது. கூடாரத்தில் தொடங்கியது மாளிகையில் வந்து நிற்கிறது. எங்களில் கனபேருக்கு அது மறுவளம்.

அம்மாவுக்கு விசா மறுக்கப்பட்டது. பிறகு தங்கச்சி சொன்னாள், "அப்ப நான் வாறன். அங்கை இருக்கிறதுக்குள்ளை அப்பிடியொரு ஹோட்டேல் பார்." இரண்டு இடங்களின் பெயரையும் அவளே அனுப்பினாள். ஒன்று பாசிக்குடாவில் எல்லாம் அடங்கிய பெரிய ஹோட்டேல். மற்றது நிலாவெளியில் காலைச் சாப்பாடு மட்டும் தருகிற சின்ன விடுதி. அவள் மனம் முழுக்கப் பாசிக்குடாவில் என்பது கேட்காமலே விளங்கியது.

நானும் மகளும் இரவில் உட்கார்ந்து, அந்த இரண்டு இடத்திலும் முன்பு தங்கியவர்கள் எழுதி வைத்த கருத்துகளை வாசித்தோம். கைத்தொலைபேசியில் மகள் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு நித்திரை போய்விட்டது. அழுக்குத் துவாய், மூட்டைப்பூச்சி, கலங்கின நீச்சல் தடாகம், வயிற்றோட்டம், பூட்டாத கதவு. ஒருவர் சொர்க்கம் என்று எழுதினால் அடுத்தவர் நரகம் என்கிறார். இரண்டு பேரும் ஒரே கிழமையில் ஒரே இடத்தில் இருந்தவர்கள்.

தங்கச்சிக்கு இந்தப் பயம் பழக்கம். 2019 இல் டொமினிக்கன் குடியரசில் ஹோட்டேல்களில் தங்கிய அமெரிக்கர் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, குடிவகையில் நஞ்சு என்று உலகம் முழுக்கக் கதை பரவியது. அவளுடைய வேலைத்தலத்தில் பலர் கட்டின காசையும் விட்டுவிட்டுப் பயணத்தை நிறுத்தினார்களாம். அந்த ஆண்டு ஐப்பசியில், இறந்தவர்களில் மூன்று பேருடைய சோதனை முடிவுகளை அமெரிக்க அரசு வெளியிட்டது. இயற்கையான காரணங்கள்தான் என்று அந்நாட்டு அதிகாரிகள் முன்பு சொன்னதையே எப்.பி.ஐ. சோதனையும் சொன்னது. தங்கச்சி பிறகொருமுறை அங்கே போனபோது அவளை வருத்தியது நஞ்சுமில்லை, கள்ளருமில்லை. கரையில் மலைபோல் ஒதுங்கி அழுகிய கடற்பாசி. 2011 இலிருந்து அந்தக் கடல்களில் இது பெருகிவிட்டது. அழுகினால் கூழ்முட்டை நாற்றம். "அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை அக்கா" என்றாள். உண்மையில் சொல்லியிருந்தார்கள். அவள் வாசித்தது தை மாதத்தில் போனவர்களின் கருத்து, அவள் போனது ஆடியில்.

அது எனக்கு ஒரு பிடி தந்தது. மகளிடம் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் மாதம் என்னவென்று பார்க்கச் சொன்னேன். கரீபியனில் ஆனியிலிருந்து கார்த்திகை வரை புயற்காலம், அதனால் அப்போது விலை இறங்கும். எங்கள் கிழக்குக் கரைக்கு அது ஐப்பசிக்குப் பிறகு வருகிற மாரி. பார்த்தால், "கடல் மண்ணிறம், குளிக்க விடவில்லை, அறைக்குள் ஈரம்" என்றெல்லாம் நிலாவெளியைத் திட்டியவர்களில் முக்கால்வாசிப்பேர் கார்த்திகை, மார்கழியில் போனவர்கள். அவர்களில் சிலர் ஹிக்கடுவையில் வெயிலைப் பார்த்துவிட்டு அதே மாதத்தில் இங்கேயும் வெயிலைத் தேடி வந்தவர்கள். அம்மாவிடம் சொன்னேன். "சோளகத்திலை அந்தப் பக்கக் கடல் படுத்திருக்கும். வாடையிலை போய்க் குளிக்க ஆர் சொன்னது?" என்றா. ஒரு கேள்வியில் பாதி முறைப்பாடு கழிந்தது.

மீதிப் பாதிதான் வேலை தந்தது. ஆனால் அதற்குள் ஒரு வேடிக்கையும் இருந்தது. நிலாவெளி விடுதியைப் பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். கடற்கரைக்கு ஐந்து நிமிடம் நடக்கவேண்டும், நடுவில் வீதி வேறு. இன்னொருவர், பின்னேரத்தில் பாட்டில்லை, ஆட்டமில்லை, குடிக்க ஒன்றுமில்லை, இது வயதானவர்களுக்கான இடம் என்றார். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது என்பது மூன்றாவது. நாலாவது, கேட்டால் சோறும் கறியும்தான் தருகிறார்கள். மகள் வாசிக்க வாசிக்க அம்மா, "நல்ல இடம்போலை கிடக்கு" என்றா.

பாசிக்குடாவில் அதற்கு மறுவளம். எல்லாரும் புகழ்ந்தது எங்களுக்குப் பயமாக இருந்தது. "கட்டிலிலிருந்து காலை வைத்தால் மணல், இரவு முழுக்க அலை காதுக்குள்" என்று ஒருவர் மெய்மறந்து எழுதியிருந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "கடலுக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம் எண்டு கேள் பிள்ளை" என்று மட்டும் சொன்னா.

பாசிக்குடாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் குடாவில் நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான், அலையும் பெரிதாக வராது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அப்படியொரு கடல் இந்த நாட்டில் கிடைப்பது அருமை. 1970களில் அங்கே ஹோட்டேல்கள் இருந்தன. போரில் கைவிடப்பட்டு, 2004 இல் கடலும் அடித்து, போர் முடிந்தபின் 2011 அளவிலிருந்துதான் புதியவை திறந்தன. நான் சொல்வது அந்த ஒரு ஹோட்டேலை, அதுவும் எங்கள் ஆறு பேருக்காக. அம்மா, நான், மகள், தங்கச்சி, அவளுடைய இரண்டு பெட்டைகள். தங்கச்சியின் கணவருக்கு விடுப்பில்லை. என்ரை அவருக்குச் சிறுபோக அறுவடை. அறையெடுக்கப் போவது ஆறு பெண்கள்.

கேள்வி கேட்டுத் தங்குமிடம் எடுப்பது எங்கள் பெண்களுக்குப் புதிதல்லத்தானே. 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் தங்கச்சியின் பயண அலுவலுக்காக நானும் அவளும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இரண்டு கிழமை இருந்தோம். போகுமுன் அங்கே இருந்து வந்தவர்களிடம் நாங்கள் கேட்டது மெத்தையை அல்ல. முதலாளி எங்களைப் பொலிசில் ஒழுங்காகப் பதிவாரா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? மலசலகூடத்துக்கு இரவில் ஆண்கள் தங்கும் பக்கத்தால் போகவேண்டுமா? சரியான பதில் கிடைக்காத இடத்துக்குப் போகவில்லை. அப்படிக் கேட்டும் காப்பாற்ற முடியாத காலமும் வந்தது. 2007 ஆனி 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. எந்த லொட்ஜ் நல்லது என்ற விசாரிப்பு அன்றைக்கு ஒருவருக்கும் உதவவில்லை. இப்போது விசாரித்தால் பலனுண்டு என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆகவே இரண்டு இடத்துக்கும் தொலைபேசி எடுத்தேன்.

பாசிக்குடா ஹோட்டேலில் எனக்கு உறுத்தியது வயிற்றோட்டம். ஒருவர் எழுதினால் அவருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று விடலாம். மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே வைகாசி மாதத்தில் எழுதியிருந்தார்கள். ஹோட்டேல் மூன்று பேருக்கும் ஒரே மறுமொழியை எழுதியிருந்தது, கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக என்று. எடுத்துப் போடும் சாப்பாட்டில் கவனிக்கவேண்டியது இதுதான். சூடாக வைக்கும் உணவு 60 பாகைக்கு மேலே இருக்கவேண்டும், குளிராக வைப்பது 5 பாகைக்குக் கீழே, வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆட்கள் நிறைந்த நாளில் தட்டுகள் உடனே காலியாகும். ஆட்கள் குறைந்த நாளில்தான் மத்தியானக் கறி பின்னேரம் வரை இளஞ்சூட்டில் கிடக்கும். மறுமுனையில் பேசிய தம்பி, "அது வெள்ளைக்காரருக்கு எங்கட சாப்பாடு பழக்கமில்லை மேடம்" என்று முடித்துவிட்டார். எழுதிய மூவரில் ஒருவர் கொழும்பு ஆள்.

பிறகு அம்மாவின் சீனி வருத்தத்தைச் சொன்னேன். ஆறரைக்கு இன்சுலின் போட்டு ஏழு மணிக்குள் சாப்பிடவேண்டும். இரவுச் சாப்பாடு ஏழரைக்குத்தான் திறப்போம், முந்திக் கேட்டால் அறைக்குக் கொண்டுவரலாம், ஆனால் அதற்கு வேறாகக் கட்டவேண்டும் என்றார். எல்லாம் அடங்கிய தொகைக்குள் ஏழு மணிச் சோறு அடங்கவில்லை. கீழ்த்தள அறைகள் கடலை ஒட்டியவை மட்டும், பின்னால் உள்ளவை மேல்மாடி. அம்மாவின் முழங்காலுக்கு மாடி சரிவராது. முழுக்காசும் முதலே, திருப்பித் தரமாட்டார்கள்.

நிலாவெளியில் எனக்குப் பயம் தந்தவை இரண்டு. ஒரு பெண், அறைத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, பின்னேரம் கடற்கரையில் பெடியன்கள் பின்னால் வந்தார்கள் என்று. இந்த இரண்டையும் மாதம் பார்த்துக் கழிக்க முடியாது. தொலைபேசியை எடுத்தது திருகோணமலைக்காரப் பெண் ஒருவர். "தாழ்ப்பாள் மாத்தியாச்சு அக்கா, படம் எடுத்து அனுப்பட்டோ?" என்றார். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. அடுத்ததைக் கேட்டபோது கொஞ்சம் தயங்கினார். "ஓம் அக்கா, நடந்ததுதான். அது எங்கட கையிலை இல்லை. ஆறு மணிக்குப் பிறகு தனியப் போகவேண்டாம், போறதெண்டால் சொல்லுங்கோ, எங்கட ஐயா கூட வருவார்." இல்லவே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்தையும் விட்டிருப்பேன்.

கேட்டவற்றில் வாசகிகளுக்கு உதவக்கூடியவை சில உண்டு. மலசலகூடத்தில் கொமட்டுக்குப் பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்கிறதா, நிலம் வழுக்குமா? சாவி அட்டையைக் கழற்றினால் அறையிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும் நின்றுவிடுமா? (பல இடங்களில் நின்றுவிடும், உள்ளே இன்சுலின் சூடாகும்.) சொன்ன விலைக்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணமும் வற் வரியும் வருமா? 2024 தை மாதத்திலிருந்து வற் 18 வீதம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு சக அடையாளம் போட்டிருந்தால் இவையெல்லாம் இனித்தான் சேரும் என்று அர்த்தம். உள்ளூர் அடையாள அட்டைக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலரில் இன்னொரு விலை என்றும் இருக்கும். எங்களைப்போல ஒரே குடும்பத்தில் இரண்டும் இருந்தால் எந்த அறை யாருடைய பெயரில் என்று முதலே பேசி எழுத்தில் வாங்கவேண்டும். நிலாவெளிக்காரர் ஓர் இரவுக் காசை மட்டும் முற்பணமாகக் கேட்டார்கள்.

தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். "நாலு நாளாவது அம்மாவை ராணி மாதிரி வைச்சிருக்க நினைச்சன் அக்கா. நீ சோத்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போறாய்." எனக்கும் கோபம் வந்தது. அந்த ஹோட்டேலில் ஓர் இரவுக்கான காசு எனக்கு மூன்று மாத வேதனம். அது என் காசில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருபத்தொரு வருடம் குளிரில் வேலை செய்து சேர்த்த காசை அம்மாவுக்குச் செலவழிக்க அவளுக்கு ஆசை இருக்காதா? நியாயம் பேசாமல் அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் சொன்னேன். நீண்ட நேரம் அவளிடமிருந்து சத்தமில்லை. பிறகு, "ரோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ?" என்று கேட்டாள். இந்தப் பக்கம்தான் என்றேன். "அப்ப அதையே எடு."

வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வான் பிடித்துப் போனோம். குறையில்லாமல் இல்லை. சுடுதண்ணீர் குழாயில் வரவில்லை, சமையற்கார அம்மா கேத்தலில் காய்ச்சித் தந்தா. இரண்டாம் நாள் மின்சாரம் மூன்று மணித்தியாலம் நின்றது. கனடாப் பெட்டைகளுக்கு நுளம்பு கடித்துக் கையெல்லாம் தடித்தது, "பெரியம்மா, இங்கை என்ன செய்யிறது?" என்று பின்னேரம் முழுக்கச் சிணுங்கினார்கள். ஆனால் ஆறரைக்கு இடியப்பமும் சொதியும் தயாராக இருந்தது. கன்னியா வெந்நீரூற்றுக்கும் கோணேஸ்வரத்துக்கும் போய்வந்தோம்.

முதல் இரண்டு நாளும் அம்மா கடற்கரைக்கு வரவில்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தா. நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கிக்குத் தங்கச்சி எழும்பிப் பார்த்தபோது அம்மாவின் கட்டில் வெறுமை. ஓடிப்போய்ப் பார்த்தால் கரைவலை இழுக்கிற இடத்தில் நிற்கிறா. "கயிறு ஒரு பக்கம் தளருது, கண் தெரியேல்லையோ?" என்று சம்மாட்டியோடு வாய்த்தர்க்கம். தங்கச்சி பக்கத்தில் போய் நின்றாள். அலை வந்து இரண்டு பேருடைய காலையும் நனைத்துவிட்டுப் போனது. அம்மா அவளுடைய கையைப் பிடித்திருந்தா, பேச்சு மட்டும் சம்மாட்டியோடுதான். மடி கரையேறியதும் சூடை மீனை ஒரு பையில் வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வீதியைக் கடந்து குசினிக்குப் போய்விட்டா.

கனடா திரும்பிய பிறகு அந்த விடுதியைப் பற்றித் தானும் எழுதப்போவதாகத் தங்கச்சி சொன்னாள். அழகு, அமைதி, அன்பான உபசரிப்பு என்று ஒரு பக்கம் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள். அதையெல்லாம் வெட்டச் சொன்னேன். வாசலில் இரண்டு படி. குளிர்சாதனப் பெட்டி சாவி அட்டையோடு நிற்காது. கொமட்டுக்குப் பக்கத்தில் பிடியில்லை, சொன்னால் ஒரு கதிரை வைத்துத் தருவார்கள். சுடுதண்ணீர் வராது. கடற்கரைக்கு ஐந்து நிமிடம் என்பார்கள், எழுபத்து நாலு வயது முழங்காலுக்குப் பன்னிரண்டு நிமிடம். பாதி வழியில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு வாங்கு இருக்கிறது.